துப்ப வேண்டிய வைன்

அன்புள்ள அம்மா,

முட்டுவலி குறைந்ததா? நான் சுகம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே கண்டி ஹோட்டலில் எங்களுக்கு வைன் பயிற்சி நடந்தது. ஓக் மரப் பீப்பாயில் வைத்த சார்டொனே என்ற வெள்ளை வைன். வாயில் வைத்து, துப்பிவிட்டு ருசியைச் சொல்ல வேண்டும். அப்பாவைக் கொன்ற சாராயம்போலத்தான் நாறும் என்று நினைத்து எடுத்தேன்.

உருகிய வெண்ணெய், வறுத்த கஜு, கடைசியில் லேசான புகை.

"சிந்துஜா, துப்புங்க!" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். நான் விழுங்கிவிட்டிருந்தேன்.

பயப்படாதீர்கள், ஒரு வாய்தான். ஆனால் அந்த ருசி இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை. தேசிக்காய் ஊறுகாய் நல்ல உறைப்பாகப் போட்டு, பதுளையிலிருந்து வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். புதன்கிழமை மறுபடியும் பயிற்சி, அதற்குமுன் வந்துசேர வேண்டும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். அந்த வைன் நன்றாக இருந்தது, அம்மா.

உங்கள் மகள்
சிந்துஜா