பெயர் பார்க்காத கம்பெனி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் காதைத் தவிர எல்லாம் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முன்னறையில் கால் வைக்க இடமில்லை. அப்பாவின் ராக் குழு தன் முதல் இசைத்தட்டை மறுபடி வெளியிடுகிறது, அட்டை உறை மடிக்கிற வேலை வழக்கம்போல் என் தலையில். சொந்தக் கம்பெனி எப்படி வந்தது என்று ஒரு நிருபர் வந்து கேட்டார், அப்பா டிரம்ஸ் அடிக்கிற வேகத்தில் பேசினார், அந்த மனுஷர் விழிக்கிறார், கடைசியில் நான்தான் சொன்னேன். பெரிய கம்பெனிக்காரர்கள் பிடித்தது என்றும் சொல்லாமல் பிடிக்கவில்லை என்றும் சொல்லாமல் 'பார்க்கலாம் பார்க்கலாம்' என்றே இழுத்தடித்தார்கள், வெறுத்துப்போய் குழுவில் நாலு பேரும் நம் சாப்பாட்டு மேசையிலேயே ஒன்றைத் தொடங்கினார்கள், அன்றே சட்டமும் போட்டார்கள். யார் பாட்டு அனுப்பினாலும் பெயர் பார்க்காமல் நாலு பேரும் கேட்பது, ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம், காரணத்தை எழுதி அந்த வாரமே அனுப்பிவிடுவது. இன்றுவரை மீறவில்லை.

போன வாரம் உன் சிடி வந்தது. உறை பிரிப்பவள் நான் என்று தெரிந்துதானே தோழி பெயரைப் போட்டாய், பெயரை மாற்றினால் குரலுமா மாறிவிடும்? அப்பா தயவில் பாட்டு வெளியிட மாட்டேன் என்று வீம்பாகப் போனவள் நீ, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. குழுவில் பாடுகிற மாமா உன் குரல் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். மூன்று பேர் சரி என்றார்கள். அப்பா மட்டும் வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் டிரம்ஸ் அடித்து அவருக்குக் குரல் சரியாகக் கேட்பதில்லை, தாளம்தான் கேட்கும். 'தாளத்தை மெஷின் அடிக்குது, ஆள் எங்கே' என்றார், அதையே எழுதியும் அனுப்பிவிட்டார். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ஆனால் கடைசிப் பாட்டு தொடங்குமுன் கிதார் மரத்தில் விரலால் தட்டுகிறாயே, சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட பழக்கம், அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். நேற்றுச் சாப்பிடும்போது, 'இந்தப் பொண்ணுக்கு இதை யார் சொல்லிக் குடுத்தாங்க' என்றார். தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததைச் சாதித்து நீ நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, அந்தப் பாட்டை மெஷின் இல்லாமல் உன் பெயரிலேயே அனுப்பு. தாளத்துக்கு இடம் விட்டுப் பாடு. அடிக்க இங்கே ஆள் இருக்கிறார்.

உன் அம்மா