சால்வைக்காரர் கோட்டையும் நோன்புக் கஞ்சியும்

சென்னையிலிருந்து வந்த புதுப் பொம்மைப் பெட்டியை இன்று கடையில் பிரித்தேன். உள்ளிருந்து புது மழைக்கோட்டு வாசம் குப்பென்று வந்தது. அவ்வளவுதான், நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். "பிளாஸ்டிக் பரவாயில்ல, மூட்டு எப்படின்னு பாப்போம்" என்று மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. நான் பெட்டியை மூடிவிட்டேன். இவர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன், உடஞ்சு வந்துருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

சால்வைக்காரர்தான் மறுபடி வந்திருக்கிறார், அக்கா. முகமூடி, இறுக்கமான பச்சைச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி. உலகத்தைக் காப்பாற்றும் வீரராம், அட்டையில் பறந்துகொண்டிருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது, "யாரு இவன், மாலை மரியாதையெல்லாம் முடிச்சுட்டு வர்ற கவுன்சிலர் மாதிரி?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து நம் கடையில் அவருக்கு அதுதான் பெயர். இந்தத் தடவை கட்டைகளைச் செருகிச் செருகி அவருடைய கோட்டையைப் பெரிதாகக் கட்டலாம் என்று போட்டிருக்கிறது. பெட்டியோடு சென்னை டீலர் தம்பியின் போனும் வந்துவிட்டது.

"மும்தாஜக்கா, கிறிஸ்மஸ் சீசன் வருது. வீடியோ போடுங்க. ஆனா இந்தத் தடவையாவது 'நல்லாயிருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இல்லன்னா மிச்சப் பெட்டியை அனுப்ப எங்க முதலாளி யோசிக்கிறாரு."

ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தைக்காக நான் உங்களோடு எத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்பேன் என்று அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் போன பிறகு நான் ஒரு வீடியோவும் போடவில்லை. தனியாகப் போன் முன்னால் உட்கார என்னால் முடியுமா என்பதே தெரியாமல் இருக்கும்போது, இவன் வசனம் வேறு எழுதிக் கொடுக்கிறான்.

நீங்கள் கடைக்குள் முதலில் நுழைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தங்கச்சி பேரனுக்குப் பரிசு வாங்க வந்தவர், பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். இரண்டு கட்டைகளைச் சேர்த்து, காதருகே வைத்து ஆட்டி, நகத்தால் தட்டி, இழுத்துப் பார்த்து, "இது லூஸ். அடுத்தது" என்றீர்கள். அடுத்ததும் லூஸ். திருவெறும்பூர் ஆலையில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துச் சோதித்தே ரிட்டையர் ஆனவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்று நீங்கள் எதுவும் வாங்காமல் போய்விட்டீர்கள். மறுநாளும் வந்தீர்கள். கடை வைத்திருப்பவளுக்கு இப்படி ஒரு சிநேகிதி வாய்த்தால் வியாபாரம் விளங்கின மாதிரிதான் என்று இவர் சொன்னார்.

எல்லாரும் போனிலேயே பொம்மை வாங்க ஆரம்பித்த பிறகு, நாமும் வீடியோ போடலாம் என்றேன். "குறை சொல்றதுதானே வேலை? நான் பேசுறேன்" என்று முன்வந்தீர்கள். ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அரங்கம். போனைப் பிடிப்பது உங்கள் வீட்டுச் சார். அவருக்குக் கை நடுங்கும். எதைக் காட்டினாலும் பின்னாலிருந்து "சூப்பர்" என்பார். காலிப் பெட்டியைக் காட்டினாலும் சூப்பர்தான். அவரை அடக்குவதற்கே உங்களுக்குப் பாதி மூச்சு போகும்.

சால்வைக்காரரின் பழைய கோட்டையை நீங்கள் ஆராய்ந்த அழகை இன்னும் ஜனங்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"கழுத்துல துணியக் கட்டிக்கிட்டு மெஷின் பக்கம் போனா சுத்திக்கிட்டுப் போயிடும். எங்க ஃபேக்டரியில இவனை கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. தலையில ஹெல்மெட் எங்க?"

"அவரு வீரருக்கா."

"வீரனுக்கு மண்டை கெடயாதா? சரி, மேல மாடிக்கு ஏணி எங்க?"

"பறப்பாருக்கா."

"காய்ச்சல் வந்தா?"

சார் பின்னாலிருந்து, "சூப்பர் கேள்வி" என்றார்.

அத்தோடு விட்டீர்களா? கோட்டையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தீர்கள். ஆலையில் குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, எந்த மூட்டிலாவது கசிகிறதா என்று பார்ப்பார்களாமே, அந்தச் சோதனை. பொம்மைக் கோட்டையின் ஜன்னல் கதவையெல்லாம் சாத்தி, சிங்க்கில் நிறுத்தி, உச்சியிலிருந்து சொம்புத் தண்ணீரை ஊற்றினீர்கள். நாலு பக்கமும் பீய்ச்சி அடித்தது. ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் மிதந்தன. என் நைலக்ஸ் புடவை தொப்பல். "ஃபெயில்" என்று போனைப் பார்த்து அறிவித்தீர்கள். "அல்லாவே! அக்கா, இது பொம்மை!" என்று நான் கத்தியதும் அந்த வீடியோவில் இருக்கிறது.

ஃபெயில் என்று சொன்னதை அப்படியே விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனசு வராது. குறை கண்டால் சரி செய்து, மறுபடி சோதித்து, பாஸ் போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். பசை டியூப்போடு ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்து, கட்டைக்குக் கட்டை ஒட்டினீர்கள். மறுபடி தண்ணீர். ஒரு சொட்டு கசியவில்லை. உங்கள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அப்போதுதான் நான் கேட்டேன், "சால்வைக்காரர் எங்கக்கா?"

மேஜை மேல் இல்லை. கீழே இல்லை. நீங்கள் கோட்டையை மெல்ல ஆட்டினீர்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

"யக்கா! உள்ள வச்சே ஒட்டிட்டீங்களா?"

பசை டியூப்பை இறுக்கி மூடினீர்கள். "டெஸ்ட் பாஸ் ஆன பொருளை இனிமே பிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கைகழுவப் போய்விட்டீர்கள். ஊரைக் காப்பாற்ற வந்தவர் அன்றைக்கு உள்ளே போனவர்தான். டீலர் தம்பி போன் போட்டு, "கழட்டி மாட்டுறதுக்குத்தாங்க அந்தச் சாமானே!" என்று அழாத குறையாகச் சொன்னான். ஆனால் 'தண்ணி ஊத்துன பொம்மை இருக்கா' என்று கேட்டுக்கொண்டு கடைக்கு ஆள் வந்ததும் நிஜம்.

எனக்கு அதெல்லாம் கோபமில்லை. நீங்கள் எதையும் நல்லாயிருக்கு என்று சொல்ல மாட்டீர்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. உச்சபட்சப் பாராட்டே "பரவாயில்ல"தான். என் மகள் நிக்காஹ் பிரியாணியை ஊரே புகழ்ந்தது. நீங்கள் "கறி வெந்துருக்கு" என்றீர்கள். ஏனக்கா இப்படி என்று கேட்டதற்கு, "நல்லாயிருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கடி" என்றீர்கள்.

அந்தக் கறார்தான் எனக்கு நோன்பு மாதத்தில் உதவியது. நோன்பு வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சுகிறவள் உப்பு பார்க்க முடியாதே. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு மனசு ஒப்பாது. கண்திட்டத்தில் போட்டுவிட்டு, சாயங்காலம் பாங்கு சொன்ன பிறகு எல்லார் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்வேன். நீங்கள் வந்த பிறகு அந்தக் கவலை ஒழிந்தது. சாயங்கால அசர் தொழுகை நேரத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவீர்கள், கடை மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறுவீர்கள், சட்டியில் மேலே ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி எடுப்பீர்கள். "சாம்பிள் ரெண்டு இடத்துல எடுக்கணும்." சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைப்பீர்கள். "உப்பு கம்மி. இன்னும் அரை ஸ்பூன்." எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்குச் சான்றிதழ் கொடுத்தது ஒரு கிறிஸ்தவ அக்கா என்று எங்கள் தெருவுக்கே தெரியும். கஞ்சி அமைந்துவிட்டால், "இன்னைக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தாங்களா?" என்று கேட்பார்கள்.

போன நோன்புக்கு நீங்கள் படுக்கையில். நானே தூக்குவாளியோடு பாலம் தாண்டி வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சார் உங்களைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். மேலாக ஒரே ஒரு கரண்டி எடுத்தீர்கள். அடியில் எடுக்கவில்லை. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"நல்லாயிருக்கு மும்தாஜ்."

டாக்டர் கைவிரித்தபோதுகூட நான் பயப்படவில்லை. இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துபோனேன். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். இனிமேல் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பாங்கு சொன்னதும் இவர் ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். குடித்துப் பார்த்தேன். கஞ்சியில் உப்பே இல்லை. கம்மி இல்லை, சுத்தமாக இல்லை. போடவே மறந்திருக்கிறேன்.

"மருந்துல அவங்க நாக்கு செத்துப் போயிருக்கும்" என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பக்ரீதுக்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று மத்தியானம் புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போனேன். வேறெங்கே உட்கார்ந்து பேசினாலும் அது ரிவ்யூ ஆகாது. சார் இளைத்துவிட்டார். நானும் சாருமாகக் கோட்டையைக் கட்டினோம். அவர் போனைப் பிடித்தார். நான் பேச வாயைத் திறந்தேன். பெட்டியைத்தான் மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டிருந்தேன்.

"நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போயேம்மா. சூப்பராத்தானே இருக்கு" என்றார்.

"எப்படி சார் சொல்றது? அக்கா ஆயுசுக்கும் ஒரு தடவைதான் அதச் சொன்னாங்க. அதுவும் உப்பில்லாத கஞ்சிக்கு. பாவம், மருந்துல நாக்கு செத்துருந்துச்சு."

சார் போனைத் தாழ்த்தினார். "நாக்குக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ லிஃப்ட்ல எறங்குனதும் அவ என்ன சொன்னா தெரியுமா? 'அந்தப் புள்ள உப்பே போடல. சொன்னா இந்த வெயில்ல, வயித்துல பச்சத் தண்ணி இல்லாம, வீட்டுக்கு ஓடி, சட்டியில போட்டுட்டு மறுபடி என்கிட்டயே காட்ட ஓடி வரும். நீங்க வாயத் தொறக்காதீங்க'ன்னா. அப்புறம் ராத்திரி முழுக்க அதையே பொலம்புனா. 'தப்பா பாஸ் போட்டுட்டேனே, தப்பா பாஸ் போட்டுட்டேனே'ன்னு."

இப்படியும் ஒருத்தி செய்வாளா? ஒரு கசிவைக்கூட விடாத மனுஷி, எனக்காக ஒரு பொய்ச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, அந்த நோயிலும் தூக்கம் கெட்டுப் படுத்திருந்தீர்களா? நானும் சாரும் உங்கள் மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்துப் பார்த்தால் போன் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேஜைக் காலும் சாருடைய செருப்பும் அழகாகப் பதிவாகியிருந்தன.

எழுந்து முகம் கழுவினேன். கோட்டையை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போனேன். சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். பீய்ச்சி அடித்தது, இந்தத் தடவை சாருக்கும் சேர்த்து. "தண்ணி நிக்கல" என்றேன் போனைப் பார்த்து. "ஏணி வச்சுட்டாங்க, அது ஒரு புத்தி. ஹெல்மெட் இன்னும் குடுக்கல. கட்டைக்குக் கட்டை பிடி பரவாயில்ல." பின்னாலிருந்து "சூப்பர்" என்று நனைந்த குரல் கேட்டது.

வீடியோவைப் பார்த்துவிட்டு டீலர் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அந்த ஒரு வார்த்தை..."

"அது எங்க கடையில ஸ்டாக் இல்ல தம்பி. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதை நான் வாங்கிட்டேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டதில் பாதிப் பெட்டிதான் அனுப்புவானாம். அனுப்பட்டும்.

நீங்கள் ஒட்டிய பழைய கோட்டையைச் சார் எனக்கே கொடுத்துவிட்டார். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் உள்ளே சால்வைக்காரர் கடகடவென்றார். பக்கத்துச் சீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டில் அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அழுதிருந்த என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார்.

ஓடிப்போய் உப்பு பார்த்தேன், அக்கா.