எட்டு மில்லிமீட்டர்

9.4.2012, திங்கள்

காலை எட்டரை. ஆபீஸ் மழைமானியில் ஒன்றுமில்லை. பதிவேட்டில் சைபர். மூன்று வாரமாக இதே சைபர்தான்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் பத்துக்குப் போய் ஒன்றரைக்கு வந்தது. தானே புயலில் ரெக்கார்டு ரூம் ஓடு பறந்து, பழைய மழைப் பதிவேடெல்லாம் நனைந்து கிடக்கிறது. மாடியில் காயவைத்து, தாள் தாளாகப் பிரித்து, புது நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதமாக எவனுக்கும் தோன்றவில்லை. இந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

நித்யா வந்தாள். சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கிற பெண். சித்திரை, வைகாசிப் புயல்மழை பற்றித் தீசிஸ். "ஐப்பசி கார்த்திகைப் புயலைத்தான் சார் எல்லாரும் எழுதுறாங்க. கோடையில அடிக்கிறத யாரும் கண்டுக்கிறதில்ல." கெட்டிக்காரி.

வாங்க: மோர் மிளகாய், டார்ச் பேட்டரி, சரோஜா அக்காவுக்கு முட்டித் தைலம்.

10.4, செவ்வாய்

சைபர்.

எழுதிக்கொண்டே 2006க்கு வந்துவிட்டேன். மே மாதப் பக்கம். என் கையெழுத்து. 8.0 மி.மீ. பக்கமெல்லாம் மை கலைந்திருக்கிறது, அந்த எட்டு மட்டும் அழியவில்லை. அழிந்து தொலைந்திருக்கலாம்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க மாமாவும் நானும் சிதம்பரம் போனோம். மாமா என்றால் சரோஜா அக்காவின் வீட்டுக்காரர். சாயங்காலம் பேய்க்காற்று, இடி, மழை. மரம் விழுந்து பஸ் இல்லை. லாட்ஜில் தங்கி, மறுநாள் மதியம்தான் ஆபீஸ் வந்தேன். எட்டரைக்கு மானியை அளந்திருக்க வேண்டும். வேறு யாரையும் அளக்கச் சொல்லியும் வைக்கவில்லை. அதற்குள் பெருக்குகிற மாரியம்மா, இலை தழை விழுந்து அசிங்கமாக இருக்கிறதென்று, தண்ணீரைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டது. நல்ல எண்ணத்தில்தான்.

"எவ்வளவு தண்ணி இருந்துச்சும்மா?"

"கொஞ்சம் இருந்துச்சு சார்."

கொஞ்சம். கோடையில் காற்றுதான் ஜாஸ்தி, மழை பேருக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எட்டு என்று எழுதினேன். ஏன் எட்டு? பத்து என்றால் அள்ளிவிட்ட மாதிரித் தெரியும் என்று நினைத்திருப்பேன்.

ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ பேச்சில் மாரியம்மா, "அன்னைக்கு மானிக்குள்ள இருக்குற பாட்டில் நெறஞ்சு வெளி டப்பாவும் தளும்புச்சே சார்." கொஞ்சம் என்றால் அந்தம்மாவுக்கு அவ்வளவு. நான் திருத்தவில்லை. வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள் என்று பயம்.

12.4, வியாழன்

சைபர். தலைவலி. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மாமா அந்த வருஷம் இந்த ஊர் நிலத்தில் போட்டிருந்தது எள். அறுத்துக் களத்தில் போர் போட்டிருந்தார். அந்த மழையில் நனைந்து, முளைத்து, அத்தனையும் வீண். நிவாரணம் கேட்டு எழுதிக் கொடுத்தார். மனு திரும்பி வந்தது. அந்தத் தேதியில் கனமழை பதிவாகவில்லையாம். என் எட்டுதான். அடுத்த வருஷம் நிலத்தை விற்றார். இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். நாலு பேருக்கு வேலை கொடுத்த மனுஷன், வருகிறவனுக்கெல்லாம் கார் கதவைத் திறந்துவிடுகிறார்.

மழைமானி தானாக எழுதிக்கொள்ளும் மிஷின் என்று மாமா நினைத்திருப்பார். இத்தனை வருஷம் அதுதான் என் தைரியம். வெட்கமாக இருக்கிறது.

நித்யா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சுத்துப்பட்டு மானி எல்லாம் அன்னைக்கு கனமழை காட்டுது சார். நீங்க ஒழுங்கா அளக்குறவரு, அதனால அவங்களோடதுதான் தப்பா இருக்கும்னு நோட் போட்டிருக்கேன்."

சுருக்கென்றது. "எங்களுதுதாம்மா தப்பு. அன்னைக்கு அளக்கவே இல்லைன்னு போட்டுக்க" என்றேன். உடனே அடித்து எழுதினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. ஞாயிறு போக வேண்டும்.

15.4, ஞாயிறு

சிதம்பரம். பஸ்ஸில் நின்றுகொண்டே. தைலம் வாங்க மறந்துவிட்டேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தது. மாமா யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எட்டு, மாரியம்மா, மனு, எல்லாம். பாதியில் அழுகை வந்துவிட்டது. இந்த வயதில்.

மாமா நூலைக் கடித்து அறுத்தார்.

"தெரியும் மச்சான். அன்னைக்குக் காலைல எட்டரைக்கு நீ என்கூட பஸ் ஸ்டாண்டுல இட்லி தின்னுக்கிட்டு இருந்த. யாரு போயி அளந்தா?"

"அப்பவே ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா உன் வேலை போயிருக்கும். ஒங்க அக்காகிட்டகூடச் சொல்லல. நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். வருசா வருசம் பொங்கலுக்கு வருவ, வரிசை வச்சிட்டுப் போயிருவ."

அவர் சட்டையை உதறி மடித்தார்.

"ரிட்டையர்மென்ட்டு எப்போ?"

"இந்த மாசக் கடைசி மாமா."

"அதான பாத்தேன்" என்றார்.