பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மைல்

2004 ஜூன் 14, திங்கள்

காலை முதல் மழை. ஆபீஸில் கரண்ட் இல்லை. வரைபலகை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து கிரெடிட் கார்டு விற்கும் பெண். பெயர் பிந்து. குடையை வாசலில் வைத்துவிட்டு நேராக என்னிடம்.

“சாரே, ஒரு ஒப்பு போட்டா மதி” என்று கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் நோட்டீஸை விரித்துவிட்டாள். அறுபது நாளில் இருபத்தைந்தாயிரத்துக்குச் சாமான் வாங்கினால் 12,000 மைல் போனஸ். தவிர ஐம்பது ரூபாய்க்கு ஒரு மைல். மும்பைக்கு ஒரு வழி விமான டிக்கெட்டுக்கு 12,500 மைல் கொடுத்தால் போதும், காசு வேண்டாம்.

மும்பை என்றதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

வீட்டில் விசாலத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 15, செவ்வாய்

ராத்திரி தூக்கமில்லை. காரணம் எழுதி வைக்கிறேன்.

வி.யின் தங்கை கமலம் மும்பையில். நாலு வருஷம் முன்பு கமலத்தின் புருஷன் காலமானார். செய்தி வந்த அன்றே ரயில் ஏறினோம். வி.க்கு அப்போதே முதுகில் டிஸ்க் தொந்தரவு. ஷொர்ணூர் வருவதற்குள் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இறங்கித் திரும்பிவிட்டோம். டாக்டர் பிறகு இரண்டு ராத்திரி ரயில் கூடவே கூடாது என்றார். அக்கா தங்கை இன்றுவரை பார்க்கவில்லை. ஃபோனில் மட்டும்.

செப்டம்பர் 12 கமலத்தின் பெண்ணுக்கு மும்பையில் கல்யாணம்.

என் திட்டம்: செப். 9, ஒரே விமானம். வி. மைலில், நான் காசில். திரும்பும்போது இரண்டு பேருக்கும் காசு. சேமிப்பில் கை வைத்தால் முடியும்.

ஜூலை 5, திங்கள்

கார்டு வந்தது. ஒளித்து வைக்கத் தெரியவில்லை, பிடிபட்டேன்.

“இது என்னதுக்கு? கடன் வாங்கற அட்டைதானே?”

விளக்கினேன். டிக்கெட் 6,250, அதனால் ஒரு மைலுக்கு ஐம்பது பைசா மதிப்பு, கார்டுக்கு வருஷக் கட்டணம் ஆயிரம், கழித்தாலும் லாபம் என்று. வி. பாதியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அங்கிருந்தே, “அப்போ நேக்கு பிளேனா?”

ஆமாம் என்றேன்.

சிறிது நேரத்தில் ரசம் மணம்.

ஜூலை 24, சனி

கிழக்கேகோட்டையில் கல்யாணப் புடவை. கார்டு வாங்கும் கடையாகத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம். சாலைக் கடைத்தெருவில் கார்டை நீட்டினாலே சிரிக்கிறார்கள்.

இதுவரை:
புடவை 6,400
வி.க்கு முதுகு பெல்ட் 1,150
மிக்ஸி 2,950 (பழையது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வி. கோபம்.)

இன்னும் பதினாலாயிரத்து ஐந்நூறு. வாங்க எதுவும் இல்லை. கார்டு பில் போடுவது ஆகஸ்ட் பத்து, அதற்குள் முடியாவிட்டால் மைல் கல்யாணத்துக்கு முன் வராது.

ஆகஸ்ட் 6, வெள்ளி

வழி பிறந்தது. பக்கத்து மேஜை சசிதரன் ஓணத் தள்ளுபடியில் ஃப்ரிட்ஜ் வாங்குகிறான், ரொக்கமாக. பணத்தை என்னிடம் கொடு, கார்டில் நான் போடுகிறேன் என்றேன். சந்தேகமாகப் பார்த்தான்.

“இதுல சாமிக்கு எந்தா லாபம்?”

“மைல்.”

“எனக்கு ஃப்ரிட்ஜ் கிட்டினா மதி. சாமி மைல் எடுத்துக்கோ.”

கடைக்காரர் கார்டு என்றால் இரண்டு பர்சென்ட் கூட என்றார். சசிதரன் முகம் மாறியது. அந்த 292 என்னுடையது என்று அங்கேயே எண்ணி வைத்தேன். ஃப்ரிட்ஜ் 14,600. மொத்தம் 25,100. இரண்டு மைல் மிச்சம்.

சசிதரன் தந்த பணத்தை அப்படியே பாங்கில் கட்டியாயிற்று. ஃப்ரிட்ஜை ஆட்டோவில் ஏற்ற நானும் பிடித்தேன். தோள் வலி.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

மைல் வந்துவிட்டது. 12,502. கஸ்டமர் கேரில் இருபத்தைந்து நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு பையன், மிகவும் மரியாதையாக: செப்டம்பர் 9 மைலுக்கு சீட் இல்லை. 8, 10, 11 இல்லை. மைலுக்கென்று சில சீட்தான் ஒதுக்குவார்களாம். நோட்டீஸில் இது எங்கேயும் இல்லை. இருந்தது. எறும்பு அளவில், பின்பக்கம்.

செப். 2 மட்டும் உண்டு. ஒரே ஒரு சீட். நாளை மாலை வரை பிடித்து வைப்பானாம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சசிதரன் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் இதில் உருப்படி.

ஆகஸ்ட் 18, புதன்

காலை காப்பியோடு சொன்னேன். மைல் வீணாகட்டும், காசு கொடுத்தே ஒன்பதாம் தேதி கூட்டிப் போகிறேன் என்றேன்.

“ரெண்டாந்தேதி சீட் இருக்குன்னேளே?”

“அது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி. நேக்கு லீவு கிடையாது.”

“உங்களை யார் கூப்பிட்டா? நான் போறேன்.”

“தனியாவா?”

“தனியா என்ன? பிளேன் ஓட்டறவர் இருப்பாரே.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கேட்டேளா, கல்யாண அமளியில போய் இறங்கினா நான் கமலத்தை எப்போ பார்ப்பேன்? பந்தல்ல நூறு பேர் இருப்பா. அவர் போனப்போ அவளண்டை உக்காந்து அழக்கூட நான் இல்லை. பத்து நாள் முன்னாடின்னா நேக்கு நல்லதாக்கும்” என்றாள்.

இரண்டு மாதமாகக் கணக்குப் போடுகிறேன். இதை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மாலை ஆறுக்குள் ஃபோன் செய்து உறுதி செய்தேன். நான் ஒன்பதாம் தேதி ரயிலில்.

செப்டம்பர் 2, வியாழன்

விடியலில் தூறல். ஏர்போர்ட்டுக்கு டாக்சி. வி. பையில் பெல்ட், தைலம், நாரத்தங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் வறுவல் இரண்டு கிலோ.

வாசலில் ஒரு பையன் சக்கர நாற்காலி வேணுமா அம்மா என்றான். “நேக்கு முதுகுலதான் வலி. கால் நன்னா இருக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தாள். கண்ணாடிக் கதவு வரை திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்த்தான் கையை ஆட்டினாள். நான் ஆட்டியது தெரிந்ததோ என்னவோ.

நேரே ஆபீஸ் போகாமல் சங்குமுகம் கடற்கரைக்கு நடந்தேன். ஒரு விமானம் தலைக்கு மேலே கடல் பக்கம் போனது. அவளுடையதுதானா தெரியாது. அது மேகத்துக்குள் போகும்வரை நின்றேன். செருப்பு முழுக்க ஈர மணல்.

மதியம் ஆபீஸில் சசிதரன் கேட்டான், “சாமி, சேச்சி எத்தியோ?” அப்போதுதான் கமலத்தின் பெண்ணிடமிருந்து ஃபோன். போய்ச் சேர்ந்தாளாம். பின்னால் இரண்டு பெண்கள் அழுகிற சத்தம். வைத்துவிட்டாள்.

இரண்டு பெண்களில் ஒருத்தி இவள்தான். வேறு யார்.

செப்டம்பர் 5, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன், ஒரு சட்டை சாயம் போனது. சாம்பார் உப்பு கூடுதல்.

மாலை ஃபோன். கமலம். முன்பெல்லாம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள், இன்று குரல் தெளிவு.

“அத்திம்பேர், ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் பேசிண்டே இருக்கோம். அக்கா முதுகு வலின்னு ஒரு தடவைகூடச் சொல்லலை.”

சந்தோஷம் என்றேன்.

“ஒண்ணு கேக்கணும். கல்யாணம் கழிஞ்சா இவ புக்காத்துக்குப் போயிடுவா. ஆத்துல நான் ஒருத்திதான். அக்கா தீபாவளி வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமா?”

பின்னாலிருந்து வி.யின் குரல்: “அவர்ட்ட என்ன கேக்கறே? சொல்லு.”

சரி என்றேன்.

நாளை தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் போக வேண்டும். திரும்பி வர இரண்டு பேருக்கு விமானம் இனி வேண்டாம்; ரயில் டிக்கெட், ஒன்று.