சாவடி போன பிறகும்

12 டிசம்பர் 1954, ஞாயிறு

பிரெஞ்சு ஆட்சி முடிந்து, எல்லையில் சுங்கச்சாவடியை எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்தும் அவ்வளவு நாள்தான். இன்று வேட்டி கட்டிக்கொண்டு தவளக்குப்பத்தில் மீன் வாங்கப் போனேன்.

அங்கே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். தேங்காய்த்திட்டிலிருந்து கூடை சுமந்து தினமும் சாவடியைத் தாண்டிப் போனவள். பிரெஞ்சுச் சரக்கு ஏதாவது ஒளித்துக் கொண்டு போகிறாளா என்று நான்தான் சோதனை போடுவேன். என்னைக் கண்டதும் எழுந்தாள். கூடை மேலிருந்த சாக்கை விலக்கினாள். இடுப்பு மடியையும் அவிழ்த்து உதறிக் காட்டினாள். மீன் வாங்க வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

“அதெல்லாம் இப்ப இல்லம்மா. மீன் வாங்கத்தான் வந்தேன்” என்றேன்.

“தெரியுங்கய்யா. உங்களப் பாத்தா கை தானா போவுது” என்று சிரித்தாள். பிறகு, சாவடியில் தினமும் நான் சும்மா எடுத்துக்கொள்வேனே, அது போல இருந்ததில் பெரிய கொடுவாவை எடுத்து நீட்டினாள்.

காசு எடுக்கத்தான் சட்டைப்பைக்குள் கையை விட்டிருந்தேன். வெறுங்கையை வெளியே எடுத்து மீனை வாங்கிக்கொண்டேன்.

சாப்பிடும்போது மனைவி, மீன் நல்ல ருசி, என்ன விலை என்று கேட்டாள்.

வாயில் வந்த ஒரு விலையைச் சொன்னேன்.