பெண்டாட்டிக்கு லேட் போட்ட மேஸ்திரி

4-9-1978, திங்கள்
இன்று முதல் நான் ரீலிங் மேஸ்திரி. பன்னிரண்டு வருடம் ஸ்பின்னிங் மெஷினில் நின்றவன், இனி நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் பெண்களுக்கு மேலாள். டீ நேரத்தில் மேஸ்திரி வந்தால் எழுந்து நிற்பது மில் வழக்கம். இருபது பேர் எழுந்தார்கள். ஒருத்தி எழவில்லை. என் பெண்டாட்டி கலியம்மாள்.

5-9, செவ்வாய்
வீட்டில் கேட்டேன். “வூட்ல உங்க வேட்டியத் தொவைக்கிறவ, மில்லுல எந்திரிச்சு வேற நிக்கணுமா?” என்றாள்.

7-9, வியாழன்
கலியம்மாள் ஆறு நிமிடம் லேட். எல்லாப் பெண்களும் என் பேனாவையே பார்த்தார்கள். விட்டுவிட்டால் நான் மேஸ்திரியா? சிவப்பு மையில் எழுதினேன். சாயங்காலம்தான் தெரிந்தது — என் புதுக் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டதால் வந்த லேட்.

8-9, வெள்ளி
சாப்பிடப் போனால் அடுப்படி வாசலில் கையை நீட்டி மறிக்கிறாள். “பதிலி ஆளா? இன்னிக்கு எடம் இல்ல. நாளைக்குக் காலையில கேட்டுல வந்து நில்லுங்க.” வேலை கேட்டு வரும் பதிலிகளை மில் கேட்டில் இப்படித்தான் திருப்பி அனுப்புவோம். நேற்றுகூட மூன்று பேரை அனுப்பினேன். பாடாலூர்க் கடையில் பரோட்டா.

9-9, சனி
இன்றும் இடம் இல்லையாம். பரோட்டா வயிற்றைக் கெடுத்துவிட்டது.

11-9, திங்கள்
ரீலிங்கில் மூத்தவரான ரத்தினம்மாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, இதோட அவளுக்கு மூணு லேட்டு. பர்மனென்ட் லிஸ்டுல பேர அடிச்சுடுவாங்க. ஆறு வருசமா காத்துக் கெடக்குறா.”
அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்டேனா?

12-9, செவ்வாய்
சூப்பர்வைசர் வேணுகோபால் சாரிடம் போனேன். “அவ நேரத்துக்குத்தான் வந்தா சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”
“தப்பா லேட் போடுற ஆள மேஸ்திரியா வச்சுக்க முடியாதே வீரமுத்து.”
“தெரியும் சார்.”
பொய்தான் சொன்னேன். வெளியே வந்ததும் நல்ல பசி.

13-9, புதன்
இடம் கிடைத்தது. கத்திரிக்காய்க் குழம்பு. ரத்தினம்மாள் சொல்லியிருப்பார்.

3-10, செவ்வாய்
பழையபடி ஸ்பின்னிங். கலியம்மாளுக்கு இன்று பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. ஸ்பின்னிங் ஆம்பளைகள் டீ குடிக்கும் பெஞ்சுப் பக்கம் ரீலிங் பெண்கள் வந்ததே இல்லை. இவள் டம்ளரோடு நேராக வந்தாள்.
“நவுருங்க” என்றாள்.
நகர்ந்து உட்கார்ந்தேன்.