வரிசையில் வந்த மகள்

குட்டிம்மா,

இதை உன் பையில் வைக்கிறேன். ரயில் கிளம்பியதும் படி.

பல்கலைக்கழக நேர்முகத் தேர்வு நடக்கும் ஊருக்கு நேராகப் போவது எக்ஸ்பிரஸ் மட்டும்தான், இந்த வருட ரயில்வே இலவச பாஸும் தீர்ந்துவிட்டது, கட்டுப்படியாகாது என்று நான் கைவிரித்தேன். நேற்று நீ என் டிக்கெட் கவுண்டர் வரிசையிலேயே வந்து நின்றாய்.

“சார், ஜங்ஷன் வரைக்கும் பாசஞ்சர்ல ஒண்ணு. அங்க மாறிப் போற பாசஞ்சர்ல இன்னொண்ணு.”

பாதிக் கட்டணம்! நாள் முழுக்க டிக்கெட் கொடுக்கிற எனக்கு இது தோன்றவே இல்லையே, கெட்டிக்காரி! சலுகை என்று யாரும் முணுமுணுக்கக் கூடாதென்று அப்பனையே ‘சார்’ என்றாய் பார், அங்கேதான் அசந்துபோனேன்.

‘அடுத்து’ என்று கூப்பிட மறந்து, நீ நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்தான் சொன்னார்: “சார், அவங்க போயிட்டாங்க.”

இப்படிக்கு,
உன் ‘சார்’